நிற்கத் தெரியாத கலங்கள்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையின் கரையோர மணல் வளவுகளில் பட்டிப்பூவை யாரும் நட்டு வளர்க்கத் தேவையில்லை. வேலியோரத்தில் தானாக முளைக்கும். மழை பொய்த்தாலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டிருக்கும். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்று சொல்லப்படும் இந்தச் செடியின் பூர்வீகம் மடகஸ்கார். அதன் கசப்புக்குள் நூற்றுக்கு மேற்பட்ட அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும், அறுபது ஆண்டுகளாகப் புற்றுநோய் விடுதிகளில் நோயாளரின் நாளங்களில் ஏற்றப்பட்டு வருகின்றன.

அவை மருந்தான கதை ஒரு தோல்வியில் தொடங்கியது. கரிபியன் தீவுகளில் பட்டிப்பூ இலைச் சாற்றை நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952 இல் யமேக்காவிலிருந்து 25 இலைகள் அடங்கிய ஓர் உறை, கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைத் தம் சகோதரர் ரொபேர்ட் நோபிளிடம் கொடுத்தார். ரொபேர்ட், மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். எலிகளுக்கு வாய்வழியே கொடுத்த சாறு இரத்தச் சீனியை அசைக்கவில்லை. ஊசியால் ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்று முற்றி இறந்தன. இரத்தத்தைப் பரிசோதித்தால் வெண்குருதிக் கலங்கள் சரிந்திருந்தன. அவற்றை உண்டாக்கும் என்பு மச்சை வறண்டு கிடந்தது.

வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவக்கூடும் என்று நோபிளும் அவருடன் சேர்ந்து உழைத்த சார்ள்ஸ் பியரும் எண்ணினார்கள். 1958 இல் அவர்கள் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது. அதே செடியைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் ஈலை லில்லி நிறுவனத்தார் வின்கிறிஸ்டினைக் கண்டெடுத்தனர். 1963 இல் அது மருந்தாக அனுமதி பெற்றது.

எலியின் மச்சையை வறளவைத்த நஞ்சு, பிள்ளைகளின் இரத்தப் புற்றை வெல்ல எப்படி உதவுகிறது? இதற்கு விடை தேடப் போனால், ஒரு கலம் (செல்) இரண்டாவது எப்படி என்ற கேள்வியில்தான் போய் நிற்க வேண்டும்.

ஒன்று இரண்டாவதற்கு முன்

வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடிக் கலங்கள் அழிந்து புதிதாகின்றன. இவற்றில் பெரும்பகுதி இரத்தக் கலங்கள். குடலின் உட்சுவர்க் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. மூளையின் நரம்புக் கலங்களோ பெரும்பாலும் பிரிவதே இல்லை. எது பிரிய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கால ஒழுங்குக்குள் நடக்கிறது. அதுதான் கலவட்டம்.

இந்த ஒழுங்குக்குக் கட்டங்கள் உண்டு என்பதை 1953 இல் அல்மா ஹவார்ட், ஸ்டீபன் பெல்க் என்ற இருவரும் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேர்நுனியில் கண்டு சொன்னார்கள். கதிரியக்கப் பொசுபரசை ஊட்டிப் பார்த்தபோது, கலம் தன் டி.என்.ஏ.யைப் படியெடுப்பது வாழ்நாள் முழுவதும் அல்ல, இடையில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே என்று தெரிந்தது. இன்று அதை எஸ் கட்டம் என்கிறார்கள். அதற்கு முந்திய ஆயத்தக் காலம் ஜி1. பிந்திய சரிபார்ப்புக் காலம் ஜி2. கடைசியில் நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் பிரிந்து கலம் இரண்டாகும் இழையுருப்பிரிவு, எம் கட்டம். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனிதக் கலம் ஒன்றுக்கு முழு வட்டமும் சுமார் 24 மணி நேரம் எடுக்கும். அதில் இழையுருப்பிரிவுக்குச் செல்வது ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். மற்ற நேரமெல்லாம் ஆயத்தமும் சரிபார்ப்பும். 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு தொகுதியைத் தாய்வழியும் தந்தைவழியுமாக இரண்டு படி வைத்திருக்கும் கலம், அவற்றைப் பிழையில்லாமல் நகலெடுத்து, 46 நிறமூர்த்தங்களையும் ஒன்று குறையாமல் பங்கிட வேண்டும்.

ஏ-9 வீதியில் ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்ற தலைமுறைக்குச் சோதனைச் சாவடியை விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டி, பொதியை அவிழ்த்துக் காட்டி, கை அசைத்தால்தான் அடுத்த அடி. கலவட்டத்திலும் அப்படிச் சாவடிகள் உண்டு. ஜி1 முடிவில் ஒன்று: கலம் போதிய அளவு வளர்ந்ததா, பிரியச் சொல்லி வெளியிலிருந்து சைகை வந்ததா, டி.என்.ஏ. பழுதில்லாமல் இருக்கிறதா? ஜி2 முடிவில் இன்னொன்று: படியெடுத்தது முழுமையா, உடைவு ஏதும் உண்டா? இழையுருப்பிரிவின் நடுவில் மூன்றாவது: ஒவ்வொரு நிறமூர்த்தத்தையும் இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகள் சரியாகப் பற்றிவிட்டனவா? ஒரு நிறமூர்த்தம் பற்றப்படாமல் இருந்தாலும் பிரிவு காத்திருக்கும்.

பட்டிப்பூவின் நஞ்சு வேலை செய்வது இந்த மூன்றாவது சாவடியில். நுண்ணிழைகள் டியூபியூலின் என்ற புரதத்தால் ஆனவை. வின்கிறிஸ்டின் டியூபியூலினோடு ஒட்டிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கிறது. இழை இல்லாவிட்டால் நிறமூர்த்தங்களைப் பற்ற ஆளில்லை. கலம் பிரியவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் இடைநடுவில் மாட்டி இறக்கிறது. அடிக்கடி பிரியும் கலமே அடிக்கடி அந்த இடத்துக்கு வருகிறது. எனவே அதுவே அதிகம் மாட்டுகிறது. எலியின் என்பு மச்சை வறண்டதும், இரத்தப் புற்றுக் கலங்கள் மடிவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

மதுவமும் மனிதரும்

சாவடிகளை நடத்துவது யார் என்று கண்டுபிடித்தது மனித உடலில் அல்ல. அமெரிக்கரான லீலண்ட் ஹார்ட்வெல் தேர்ந்தெடுத்தது, பாண் பொங்க வைக்கும் மதுவத்தை (ஈஸ்ட்). வெப்பம் கூடினால் பிரிவு இடையில் நின்றுபோகும் விகார மதுவங்களைப் பொறுக்கியெடுத்து, 1970களின் தொடக்கத்தில் கலவட்டத்தைக் கட்டுப்படுத்தும் பரம்பரை அலகுகளை ஒவ்வொன்றாக அடையாளங் கண்டார். பின்னர் 1988 இல், டெட் வைனர்ட்டுடன் சேர்ந்து அவர் காட்டியது இன்னும் முக்கியமானது. கதிர்வீச்சால் டி.என்.ஏ. உடைந்த மதுவம் பிரிவை நிறுத்திப் பழுதைச் சரிசெய்கிறது. ஆர்.ஏ.டி.9 என்ற பரம்பரை அலகு இல்லாத மதுவமோ நிற்காமல் உடைந்த டி.என்.ஏ.யுடனேயே பிரிந்து சாகிறது. பழுதைவிட, பழுதோடு நிற்காமல் போவதே ஆபத்து என்பது அந்தச் சோதனையில் வெளிப்பட்டது.

இங்கிலாந்தில் போல் நேர்ஸ் வேறொரு மதுவத்தில் வட்டத்தை முன்தள்ளும் ஒரு நொதியத்தின் பரம்பரை அலகைக் கண்டார். 1987 இல் அவரது குழு, அந்த அலகு பழுதான மதுவத்துக்குள் மனித டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்திப் பார்த்தது. அவற்றில் ஒன்று பழுதை ஈடுசெய்ய, மதுவம் மீண்டும் பிரியத் தொடங்கியது. நூறு கோடி ஆண்டுக்கு மேல் பிரிந்து நிற்கும் இரண்டு உயிர்வழிகள், பிரிவுக்கு ஒரே பொறியை வைத்திருந்தன. சி.டி.கே. என்று பெயர் பெற்ற இந்த நொதியங்கள் தனியே இயங்கமாட்டா. 1982 இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதம் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒவ்வொரு பிரிவின்போதும் திடீரென்று மறைவதைப் பார்த்தார். சைக்கிளின் என்ற அந்தப் புரதம் வந்து சேர்ந்தால்தான் சி.டி.கே. விழிக்கும், அது சிதைந்தால் உறங்கும். மூவருக்கும் 2001 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஹார்ட்வெல்லின் பாண் மதுவத்துக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த பட்டிப்பூ இலை தேவை. அதற்காகவே திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களில் செடி பயிரிடப்படுகிறது. 2022 இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் மதுவத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பின் ஒன்றாக இணைத்துக் காட்டினார்கள்.

வெத்திலைத் தட்டும் வாயும்

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்று. காரணங்களில் முன்னிற்பது வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைக் கூட்டு. புகையிலையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் வைக்கப்பட்டது. பாக்கின் அல்கலொயிட்டுகளிலிருந்து நைத்திரோசமீன்கள் உருவாகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கிலிருந்து, டி.என்.ஏ.யை அரிக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் வெளிப்படுகின்றன. கடைவாயில் ஒதுக்கி வைத்த கூட்டு, ஒரே இடத்துக் கலங்களை ஆண்டுக்கணக்காகக் காயப்படுத்துகிறது. காயம் ஆற அக்கலங்கள் திரும்பத் திரும்பப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவும் ஒரு பிழைக்கு வாய்ப்பு.

எல்லாப் பிழையும் புற்றாவதில்லை. சாவடியில் இருப்பவரைத் தூக்கிவிடும் பிழைதான் வழி திறக்கிறது. டி.என்.ஏ. பழுதானால் கலத்தை நிறுத்தி வைப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் அதைத் தற்கொலைக்கு அனுப்புவதும் பி53 என்ற புரதத்தின் பொறுப்பு. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது விகாரமடைந்திருக்கிறது. புகையிலையோடு வரும் வாய்ப் புற்றில் இன்னும் கூடுதலாக. பி16 என்ற இன்னொரு புரதம், சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற முன்தள்ளிகளைப் பிடித்து வைப்பது. வாய்ப் புற்றுகளில் அதுவும் அடிக்கடி தொலைந்து போகிறது. சிலவற்றில் சைக்கிளின் டி அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகிறது. இப்படி நிறுத்தும் கை தளர்ந்து, தள்ளும் கை வலுக்கிறது.

யானையின் உடலில் மனிதரைவிடப் பன்மடங்கு கலங்கள் உண்டு; அதுவும் நீண்ட காலம் வாழ்வது. கணக்குப்படி அதற்குப் புற்றுநோய் மலிந்திருக்க வேண்டும், ஆனால் அரிதாகவே வருகிறது. 2015 இல் வெளியான ஆய்வுகள் ஒரு காரணத்தைக் காட்டின: மனிதருக்கு ஒரு சோடியாக இருக்கும் பி53 பரம்பரை அலகு, யானைக்கு இருபது சோடி. பழுதடைந்த யானைக் கலம் தயங்காமல் செத்துவிடுகிறது.

சாவடிக் காவலரை இழக்க இரண்டு அடி வேண்டும் என்று 1971 இல் சொன்னவர் அல்பிரட் நட்சன். சிறுபிள்ளைகளின் விழித்திரைப் புற்று நோயாளர் 48 பேரின் விவரத்தை வைத்து அவர் போட்ட கணக்கு அது. தாய் தந்தையரிடமிருந்து வந்த இரண்டு படிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதான பிள்ளைக்கு இன்னொரு அடி போதும்; நோய் முந்தி வருகிறது, பெரும்பாலும் இரு கண்களிலும். அந்தப் பரம்பரை அலகு 1986 இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆர்.பி. என்று பெயர் பெற்ற அதன் புரதம், ஜி1 முடிவின் கதவைப் பூட்டி வைப்பது. சி.டி.கே.4, சி.டி.கே.6 வந்து திறக்கும்வரை கலம் எஸ் கட்டத்துக்குள் போக முடியாது.

கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசு இந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை. அதன் ஒரு புரதம் பி53 ஐ அழிக்கிறது. இன்னொன்று ஆர்.பி.யைச் செயலிழக்க வைக்கிறது. 1951 இல் அமெரிக்காவில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றிலிருந்து எடுத்த கலங்கள், அந்த வைரசுப் புரதங்கள் உள்ளிருந்து முடுக்குவதால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன. இலங்கையில் 2017 முதல் பாடசாலைச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி தேசியத் திட்டத்தில் போடப்படுகிறது. அது ஒரு வைரசைத் தடுக்கிறது. அதன் வழியே இரண்டு காவலரைக் காக்கிறது.

இருபத்தொரு நாள் கணக்கு

புற்றுக் கலம் மின்னல் வேகத்தில் பிரியும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் என்பு மச்சைக் கலங்களும் குடல் கலங்களும் பல புற்றுகளைவிட வேகமாகப் பிரிகின்றன. அவற்றுக்கு நிற்கத் தெரியும், புற்றுக்குத் தெரியாது; வித்தியாசம் அங்கேதான். மருத்துவத்தின் திட்டமெல்லாம் இந்த வித்தியாசத்தின் மேல் எழுப்பப்பட்டது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டம் உண்டு. எஸ் கட்டத்தைத் தாக்கும் மருந்துகளின் முன்னோடி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. லெடர்லி நிறுவனத்தில் அவரது குழு போலிக் அமிலத்தைத் தொகுத்தது. பிறகு அதைப் போலத் தோன்றி ஏமாற்றும் பொருட்களையும் ஆக்கியது. டி.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்றை உண்டாக்கப் போலிக் அமிலம் தேவை. அதன் இடத்தில் போலி வந்து அமர்ந்தால் படியெடுப்பு நின்றுவிடும். 1947 இன் இறுதியில் பொஸ்டனில் சிட்னி பார்பர் அந்த ஏமாற்றுப் பொருட்களில் ஒன்றை இரத்தப் புற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சில மாதங்களுக்கேனும் நோய் பின்வாங்கியது. அந்த வரிசையில் வந்த மெதொட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. சுப்பாராவ் 1948 இல் இறந்துபோனார்.

ஒரு கட்டியில் எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. ஒரு மருந்து ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். ஆகவே எஸ் கட்டத்துக்கு மெதொட்ரெக்சேட், எம் கட்டத்துக்கு வின்கிறிஸ்டின் என்று வெவ்வேறு இடங்களில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளின் கடுமையான லிம்போ இரத்தப் புற்று, ஒரு காலத்தில் உறுதியான மரணம். இத்தகைய கூட்டுச் சிகிச்சையால் இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

பக்க விளைவுகளும் இதே கணக்கில் அடங்கும். மயிர் முளைக்கும் கலங்கள் ஓயாமல் பிரிபவை, எனவே முடி கொட்டுகிறது. வாயின் உட்தோல் புண்ணாகிறது. வெண்குருதிக் கலங்கள் மருந்து ஏற்றிய ஒன்று, இரண்டு வாரங்களில் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்கு வரச் சொல்வது இதனால்தான். மச்சை மீண்டும் தளிர்க்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பல கீமோ மருந்துகள் 21 நாளுக்கு ஒருமுறை கொடுக்கப்படுவதும், அதற்கு முன் இரத்தப் பரிசோதனை கேட்கப்படுவதும் அந்த மீட்சியைப் பார்த்துத்தான். வின்கிறிஸ்டின் ஏற்றியவருக்கு விரல் நுனி விறைப்பது மட்டும் வேறு வகை. நரம்புக் கலம் பிரிவதில்லை. ஆனால் அதன் நீண்ட இழைக்குள் பொருட்கள் நகர்வது அதே டியூபியூலின் குழாய்களின் மேல்தான்.

கதிர்ச் சிகிச்சைக்கும் கட்டம் தெரியும். 1960களின் தொடக்கத்தில் தெராசிமா, டோல்மாக் இருவரும் ஹென்றியெற்றா லாக்ஸின் கலங்களில் நடத்திய ஆய்வுகளில், இழையுருப்பிரிவின்போது கலம் கதிருக்கு எளிதில் மடிவதும் எஸ் கட்டத்தின் பிற்பகுதியில் தாக்குப்பிடிப்பதும் தெரிந்தன. இன்று தப்பிய கலம் நாளை வட்டத்தில் நகர்ந்து எளிய கட்டத்துக்கு வந்திருக்கும். இடைவெளியில் சாவடி கெடாத நல்ல கலங்கள் நின்று பழுது பார்த்துக்கொள்ளும். வாய்ப் புற்றுக்குக் கிழமையில் ஐந்து நாளாக ஆறேழு கிழமை கதிர் கொடுக்கப்படுவதற்கு இவை முக்கியமான காரணங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும், ஜி2 கட்டத்திலும் எம் கட்டத்திலும் கடுமையாக வேலை செய்யும் பிளியோமைசினைக் கதிரோடு சேர்த்து வாய்ப் புற்றுக்குக் கொடுத்த ஆய்வை 1980 இல் வெளியிட்டார்கள்.

கலத்தின் நேரசூசி இப்படி நோயாளியின் நேரசூசியாகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமவின் தேசியப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பயணமோ, ஆறேழு கிழமை அங்கேயே தங்குவதோ பல குடும்பங்களுக்கு இயலாத காரியம். 2011 இல் இலங்கையின் தென்முனை தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில், 2013 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டதன் பெறுமதியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காவலர் இருந்தால் மட்டும்

மதுவத்தில் தொடங்கிய அறிவு நேரடியாக மருந்தாக நாற்பது ஆண்டுகள் ஆயின. சி.டி.கே.4, சி.டி.கே.6 இரண்டையும் முடக்கும் பல்போசிக்லிப் 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓமோன் சார்ந்த மார்புப் புற்று பரவிய பெண்களுக்கு, ஓமோன் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மாத்திரை இது. மூன்று வாரம் எடுத்து ஒரு வாரம் விட வேண்டும். அந்த ஒரு வாரம் வெண்குருதிக் கலங்கள் மீளுவதற்கு. இந்தியாவில் இதன் காப்புரிமை 2023 தொடக்கத்தில் முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன.

ஆனால் மருந்து ஒரு நிபந்தனை போடுகிறது. முன்தள்ளியை முடக்கினால் பூட்டு பூட்டியபடியே இருக்கும் என்பதுதான் அதன் தருக்கம். ஆர்.பி. என்ற பூட்டே உடைந்துபோன புற்றில் அதனால் ஒன்றும் ஆகாது. எந்த உறுப்பில் புற்று என்பதோடு, எந்தக் காவலர் மிஞ்சியிருக்கிறார் என்றும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

காவலர் எல்லாரும் ஒரே நாளில் போய்விடுவதில்லை என்பது நோயாளிக்குச் சாதகமான செய்தி. வெத்திலை போடுபவரின் கன்னத்து உட்பக்கத்தில் வழித்தாலும் போகாத வெள்ளைப் படையோ செம்படையோ தோன்றி, அது புற்றாவதற்குப் பெரும்பாலும் ஆண்டுகள் எடுக்கும். சில புற்றாவதே இல்லை. வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகுவது, காரம் பட்டால் எரிவது, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் ஆகியவையும் அந்த இடைக்காலத்து அடையாளங்கள்.

யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் பெருமளவில் கடல் கடந்து போய் விற்ற இடம் திருவிதாங்கூர். அங்கே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996 இல் ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தப் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் கேட்டால் செய்துகொள்ளலாம்.